அம்மாவின் அடுத்த பஸ்

பிப்ரவரி 3, திங்கள்

அம்மா இன்றும் இரண்டாவது பஸ்ஸில்தான் வந்தாள். முதல் பஸ்ஸில் கூட்டமாம், ஏற முடியவில்லையாம். குவைத்தில் கட்டட வேலையில் சாரம் சரிந்து கால் முறிந்ததிலிருந்து அப்பாவுக்கு வாசல் நாற்காலிதான் எல்லாம். அதில் உட்கார்ந்தபடியே கத்தினார். "அந்தக் கண்டக்டர ஒருநா நிறுத்திக் கேக்குறேன் பாரு, பொம்பளைங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயான்னு." அம்மா உலை வைக்கப் போய்விட்டாள்.

மாணவர் பரிமாற்றத்துக்கு நான் எழுதிய கட்டுரையே இதுதான். புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் ஒரு பெண், வேலை முடிந்து எங்கள் ஊர் ஆவூருக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்கிறாள். ஒரு நகரம் வாழத் தகுந்ததா என்று முதலில் அவளைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். பேராசிரியருக்கு அந்த வரி பிடித்துப்போய், எங்கள் குழுவுக்கு அதையே தலைப்பாக்கிவிட்டார். பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டப் போகிறோம். கூட்டமா காலியா என்று கண்டக்டர் அழுத்த ஒரு பட்டனும் உண்டு. பட்டன் என் யோசனை. நன்றாக வந்தால் செப்டம்பரில் ஒரு செமஸ்டர் ஜெர்மனி.

அம்மாவின் காத்திருப்பை நான் ஒழிக்கப் போகிறேன்! சொன்னேன். சிரித்தாள்.

பிப்ரவரி 11

ஜெர்மனியிலிருந்து ஹன்னா வந்துவிட்டாள். அவளும் நகரத் திட்டமிடல்தான் படிக்கிறாள். மூன்று வாரம் எங்களோடு வேலை. வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அப்பா தன் குவைத் இங்கிலீஷை எல்லாம் எடுத்து விட்டார். அம்மா வைத்த மீன் குழம்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர், ஆனாலும் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 13

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் நின்று கணக்கெடுத்தோம். யார் எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். விரும்பி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பச்சை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு குறைந்தால் நல்ல நகரம்.

அம்மா வந்தாள். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் பூ விற்கும் பிரகதாம்பாள் அக்கா ஏதோ சொல்ல, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆவூர் பஸ் வந்தது. பாதிக்கு மேல் காலி. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலையை உரித்துத் தின்றாள். பஸ் போய்விட்டது.

"அந்த அம்மா ஏன் ஏறவில்லை?" என்று ஹன்னா கேட்டாள். தூரத்தில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாது என்றேன். சிவப்புப் புள்ளி வைத்தேன்.

பிப்ரவரி 14

நேற்றும் பஸ்ஸில் கூட்டமாம், ஏற முடியவில்லையாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து வெங்காயம் உரிக்கும்போது கேட்டே விட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"கடையில நாளு பூரா நிக்கிறேன் ஜெனி. ஸ்டூலு போட்டுருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆளு வந்தா எந்திரிக்கணும், ஆளு வராத நேரம் ஏது? வீட்டுக்கு வந்தா அடுப்பு, ஒங்கப்பா காலுக்கு எண்ண. நடுவுல அந்த ஒரு பஸ்ஸு நேரந்தான்."

"பார்க்குல போயி உக்காரலாம்லம்மா?"

"பார்க்குல ஒத்தையா உக்காந்தா வீட்டுல என்னா சண்டைன்னு கேப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல உக்காந்தா யாரு கேக்கப் போறா?" கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிராத. அவரு என்னையவே நெனச்சுக்கிட்டு உக்காந்துருக்காரு, சங்கடப்படுவாரு" என்றாள்.

மூன்று வருடமாக நகரத்தைப் படிக்கிறேன். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

பிப்ரவரி 20

பேராசிரியரிடம் போனேன். காத்திருக்கும் பெண்களில் சிலர் விரும்பியே காத்திருக்கலாம் என்றேன். "நல்ல பாயிண்ட். ஆதாரம் இருக்கா?" என்றார். இருக்கிறது. அதன் பெயர் ஜெயராணி, என் அம்மா. அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அறிக்கையில் வரும், மேடையில் வரும், எங்க அப்பா காதுக்கு வரும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹன்னாவிடம் மட்டும் சொன்னேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'பெண்கள் உட்கார இடங்கள் தேவை' என்று ஒரு வரி சேர்த்தாள். கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

மார்ச் 10

பஸ் முதலாளி சம்மதித்து, டிரைவர் சீட்டுக்கு மேலே பஸ் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவியை மாட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் முதல் ஆளாகச் செயலியைப் போனில் ஏற்றியவர் அப்பா. பஸ் நீலப் புள்ளியாக நகர்வதைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். "என் மக செஞ்சது" என்று பக்கத்து வீடு எதிர்த்த வீடு எல்லாருக்கும் காட்டிவிட்டார்.

மார்ச் 12

சாயங்காலம் அப்பா போனும் கையுமாக, அம்மாவைக் கூப்பிட்டு: "ஜெயா, பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள வந்துருச்சு. காலின்னு காட்டுது, ஏறு ஏறு!"

அம்மா முதல் பஸ்ஸில் வந்தாள்.

மார்ச் 13

முதல் பஸ்.

மார்ச் 19

இதில் அப்பாவைக் கோபிக்கவும் முடியவில்லை. புள்ளி கீரனூர் ரோட்டைத் தாண்டியதும் ஊன்றுகோலோடு எழுந்துபோய் அவரே உலை வைத்துவிடுகிறார். அவ வந்ததும் சாப்பிடட்டும் என்கிறார். இத்தனை வருடத்தில் இல்லாத வழக்கம். அம்மா சாப்பிடுகிறாள், நன்றாக இருக்கிறது என்கிறாள். அப்புறம் பாத்திரம், எண்ணெய், நாளைக்குக் கட்ட வேண்டிய துணி. நின்றுகொண்டே இருக்கிறாள். உக்காரும்மா, கொஞ்ச நேரம் உக்காரேம்மான்னா, "இந்தா வாரேன்"ங்கிறா. வரவே மாட்டேங்கிறா. நான் என்ன செய்யிறது?

ஏப்ரல் 25

சோதனை முடிந்தது, கருவியைக் கழற்றிவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். "என்னம்மா நீ, எல்லா வண்டிக்கும் போடப் போறேன்" என்றார். ஹன்னாவுக்கு எழுதினேன். இனி அது நம்முடையது இல்லை என்று பதில் போட்டிருக்கிறாள்.

ஜூன் 18

ஜெர்மனிக்குத் தேர்வாகிவிட்டேன். கூட்டத்தில் பேராசிரியர் இரண்டு வரைபடங்களைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டினார். சிவப்புப் புள்ளிகள் பாதியாகக் குறைந்திருந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாவதில் அந்த பெஞ்சு இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

அம்மா கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாளாம். நின்றுகொண்டுதான் கொடுத்திருப்பாள்.

ஆகஸ்ட் 30, சனி. திருச்சி விமான நிலையம்

உள்ளே வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் வெளியே. விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். அப்பாவே கூப்பிட்டார். "ஒன்னோட பிளேனு இன்னும் கொழும்புலதான் நிக்கிது, இங்கிட்டு கெளம்பவே இல்ல. போன்ல பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"நேரமாகும்ப்பா, நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க."

அம்மா போனை வாங்கினாள். "புள்ள கெளம்பாம நாங்க எப்புடிப் போறது? அவரும் போகக் கூடாதுங்கிறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மெதுவா வரட்டும் ஜெனி. இங்கிட்டு நல்ல சேரா போட்டுருக்காங்க. செருப்பக் கழட்டிட்டு உக்காந்துட்டேன்."

கண்ணாடி வழியாகத் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. பலகையில் இப்போது இன்னும் ஒரு மணி நேரம் கூட்டியிருக்கிறார்கள்.