கொய்யாத் தோப்பில் ரோசியோடு நீங்கள் இருந்த மாதங்கள்

மதினி,

இன்று காலை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பினாயில் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்து ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். நான் மட்டும் இரண்டு கால்களையும் அந்த ஈரத்தில் நன்றாக நனைத்துவிட்டு நடந்தேன். நம் குதிரை லாயத்து வாசலில் நீங்கள் வைத்த பினாயில் தொட்டிக்குள் மிதிக்காமல் உள்ளே போய்ப் பழகாத கால்கள். ஆத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வாசனை கூடவே வந்தது. நீங்களும் வந்தீர்கள்.

அண்ணன் இறந்ததும் குதிரைகளை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நீங்களோ, துக்கம் கேட்க வந்தவர்கள் போன மறுநாள் அண்ணனுடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு லத்தி அள்ளப் போய்விட்டீர்கள். அப்புறம் நாம் இருவருமாகத்தான் லாயத்தைப் பார்த்தோம். கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரி போகும் மட்டக்குதிரைகளில் பல நம் லாயத்தில் பிறந்தவை. கல்யாண ஊர்வலத்துக்கு ரோசி. அண்ணன் கடைசியாக வாங்கிய செவலைக் குதிரை என்பதால் அவள்மேல் உங்களுக்குத் தனிப் பிரியம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம், நெய்க்காரப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரோசி மினி லாரியில் திரும்பி வந்தாள். டிரைவர் பின்கதவைத் திறக்கப் போனார். வாசலில் நின்றபடியே நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தீர்கள். மூக்கில் மஞ்சள் சளி. தாடைக்குக் கீழே வீக்கம்.

“இறக்காதீங்க. வண்டிய எதிர்த்தாப்ல தோப்புக்குத் திருப்புங்க.”

“சளிதானம்மா, உள்ள கட்டிப் பாத்துக்கிட்டா சரியாப் போயிரும்” என்றார் டிரைவர்.

“போன எடத்துல எந்தக் குதிரையோட தண்ணி குடிச்சாளோ. உள்ள அம்புட்டும் பால்குடிக் குட்டிங்க.”

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த நம் கொய்யாத் தோப்பின் தகரக் கொட்டகையில் ரோசியைக் கட்டினோம். டவுனிலிருந்து வந்த கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு ஒட்டுவாரொட்டி என்று சொன்னார். தொண்டையில் கட்டி வந்து மூச்சை அடைக்கும், குட்டிகளுக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம், இவளைத் தொட்ட கை இன்னொரு குதிரையைத் தொடக் கூடாது, வாளி, கயிறு, துணி எல்லாம் தனி.

“அப்ப ஆளும் தனிதான்” என்றீர்கள். அன்று சாயங்காலமே பாயும் போர்வையும் ஜெபமாலையுமாகத் தோப்புக்குக் குடிபோனீர்கள்.

“உள்ள இருக்கறதுகள நீ பாரு தம்பி. இவள நான் பாக்குறேன். நீ இங்க வராத, நானும் அங்க வரமாட்டேன்.”

மறுநாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தீர்கள். குதிரை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, நம்மிடம் நோய் வந்திருக்கிறது, யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னீர்கள். கோடை சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் தெரிந்துவிட்டால் நம் குதிரையை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன்.

“வாங்காட்டிப் போறாங்க. அவங்க வீட்டுக் குட்டியும் குட்டிதான?”

சொன்னேன். கொடைக்கானல் ராவுத்தர், வருஷா வருஷம் நம்மிடம் குதிரை வாங்குகிறவர், போனிலேயே கத்தினார். “உங்க லாயத்துப் பக்கம் இனித் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்” என்று வைத்துவிட்டார். அதை உங்களிடம் சொன்னபோது, “அவருக்குப் பயம், பாவம்” என்றீர்கள்.

ரோசிக்கு வீக்கம் முற்றி, தண்ணீர்கூட இறங்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றுவீர்கள். தவிட்டுக் கஞ்சியை உள்ளங்கையில் எடுத்து வாயருகே நீட்டுவீர்கள். அவள் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை உங்கள் தோளில் சாய்த்துக்கொள்வாள். “செத்த நேரம் கழிச்சுக் குடி தாயி” என்று நீங்கள் சொல்வது ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லாவுக்கு வளைகாப்பு வந்தது. உங்களுக்கு ஒரே மகள், அவளுக்குத் தலைப்பிள்ளை. லாயத்தை ஒட்டிய நம் வீட்டில்தான் விசேஷம். குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வந்துவிட்டுப் போகலாமே என்று சம்பந்தியம்மாள் எத்தனையோ சொன்னார்கள். நீங்கள் அசையவில்லை. எல்லாம் முடிந்ததும் ஸ்டெல்லா சந்தனம் பூசிய கன்னத்தோடு ரோட்டோரம் வந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கி வளையல்களைக் குலுக்கினாள். எதிர்ப்பக்கம் வேலிக் கம்பியைப் பிடித்தபடி சிரித்தீர்கள்.

“ஏத்தா, பச்ச வளையல் நல்லாருக்குடி! வெயில்ல நிக்காத, உள்ள போ!”

அவள் உள்ளே போன பிறகு நீங்கள் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கட்டி உடைந்து, காய்ச்சல் விட்டு, ரோசி புல் மேயத் தொடங்கினாள். மினுமினுப்பு திரும்பிவிட்டது. உள்ளே ஒரு குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி அழைத்து வந்துவிடலாம் என்று நான் நினைத்தபோது, மூக்கில் எடுத்த சோதனையில் கிருமி இன்னும் இருப்பதாக டாக்டர் சொன்னார். பார்த்தால் சுகம், உள்ளே நோய். நீங்கள் சுருட்டிய பாயை மறுபடி விரித்தீர்கள். சீசன் வந்தது, போனது. ஸ்டெல்லாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது. அன்றைக்கு மட்டும் தலை முழுகிப் புதுச்சேலை கட்டி, தோப்பிலிருந்து நேரே பஸ் ஏறிப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு, நேரே தோப்புக்கே திரும்பினீர்கள்.

அடுத்தடுத்து எடுத்த சோதனைகள் சுத்தம் என்று வந்த நாளில்தான் ரோசியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினீர்கள். லாயத்துக் குதிரைகள் எல்லாம் கனைத்தன. நீங்கள் இளைத்துக் கறுத்துப் போயிருந்தீர்கள். ரோசிதான் கொழுகொழுவென்று இருந்தாள்.

அடுத்த வருஷம் ராவுத்தர் வந்தார். தயங்கித் தயங்கி வாசலில் நின்றார். “வேற எடத்துல வாங்கினேம்மா. நல்ல குதிரைன்னு சொல்லித்தான் தந்தான். கொண்டுபோய்க் கட்டின பெறகுதான் நோய் தெரிஞ்சது. மூணு குட்டி போச்சு. நீங்கன்னா சொல்லிருவீங்க.” நீங்கள் அவருக்கு மோர் கொடுத்தீர்கள்.

கடைசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உங்களுக்குப் பாதி நினைவுதான். ஸ்டெல்லாவைக்கூட யாரென்று கேட்டீர்கள். நான் போய்க் கையைப் பிடித்ததும் கண்ணைத் திறக்காமலே, “லாயத்துல எல்லாம் சுகமா?” என்றீர்கள்.

“சுகம் மதினி.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“நீ சொன்னாச் சரி” என்றீர்கள்.

அந்த மூன்று வார்த்தைகளைத்தான் வைத்திருக்கிறேன், மதினி. ஒவ்வொரு முறை யாராவது லாயத்துக்கு வந்து இந்தக் குதிரை எப்படி என்று கேட்கும்போதும், உள்ளதைச் சொல்லி, அந்த வார்த்தைகள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.