இறந்தது என் தகப்பனார், என் மகன் அல்ல

அனுப்புநர்:
தில்லைநாதன் வல்லிபுரம்,
(இளைப்பாறிய லோஞ்சு ரிக்கற் கிளாக்கர்)
4ஆம் வட்டாரம், நயினாதீவு.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
குடிப்பதிவுக் கணனிக் கிளை,
யாழ்ப்பாணம்.

விடயம்: உயிருடன் இருக்கும் என் மகன் வல்லிபுரம் தில்லைநாதனை இறந்தவராகக் காட்டும் கொழும்புக் கணனியின் பிழைக்குத் தங்கள் கணனியில் ஒரு மாற்றுவழி போட்டுத் தரும்படி கேட்டல்

கனம் ஐயா,

1. இதே விடயமாக நான் முன்னர் எழுதிய மனுக்களை மறுத்துத் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. மறுப்புத்தான் என்றாலும் காரணம் சொல்லி மறுத்திருக்கிறீர்கள். அந்த மரியாதையை நம்பியே மறுபடியும் எழுதுகிறேன். வேறு நம்பிக்கை அதிகம் இல்லை.

2. எங்கள் குடும்பத்தில் தலைமகனுக்குத் தகப்பன்வழிப் பாட்டனின் பெயரை வைப்பது வழக்கம். என் தகப்பனாரின் பெயர் வல்லிபுரம் தில்லைநாதன். என் மகனின் பெயரும் அதுவே. இந்த இரண்டு பெயர்கள்தான் எங்கள் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறிக்கொண்டு வருகின்றன. தீவுப்பகுதியில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. ஊர் அலுவல் பார்க்கும் விதானையாரோ தபாற்காரரோ இதனால் ஒருநாளும் குழம்பியதில்லை. மூத்தவருக்கு வந்த கடிதம் மூத்தவரிடமும் இளையவருக்கு வந்தது இளையவரிடமும் போய்ச் சேர்ந்தது.

3. சென்ற வருடம் ஆடி மாதம் என் தகப்பனார் காலமானார். தொண்ணூறு தாண்டியவர், நோய் நொடியின்றிப் போனார். மரணத்தை முறைப்படி பதிவு செய்தேன். தங்கள் கிளையின் கணனி அதைச் சரியாகவே ஏற்றுக்கொண்டது. பாட்டன் வேறு, பேரன் வேறு என்று அதற்குத் தெரியும். ஆனால் மாதாமாதம் தாங்கள் அனுப்பும் பதிவுகளை வாங்கிச் சேர்க்கும் கொழும்புத் தலைமைக் கணனியில் வேறு ஆட்கள் எழுதிய புறோகிறாம் ஓடுகிறது. அது பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் மட்டும் பார்க்கும், பிறந்த ஆண்டைப் பார்க்காது. ஆகவே என் தகப்பனாரின் சாவை அது என் மகனின் தலையில் போட்டுவிட்டது.

4. மகன் கொழும்பில் நம்மூரவர் ஒருவரின் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். இந்த வருடம் சித்திரை மாதம் அவன் தங்கியிருந்த விடுதியில் பொலிஸ் தேடுதல் நடந்தபோது, அடையாள அட்டை சரிதானா என்று தலைமை அலுவலகத்தை ரெலிபோனில் கேட்டிருக்கிறார்கள். ஆள் இறந்துவிட்டார் என்று பதில் வந்திருக்கிறது. செத்தவரின் அட்டையோடு திரிபவன் என்று கொண்டுபோய், இன்றுவரை தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். “செத்தது என்ர அப்பப்பா, நான் அவரின்ர பேரன்” என்று அவன் சொன்னதற்குச் சிரித்தார்களாம். உண்மையில் நீ யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். அவனும் அதே பதிலைத்தான் சொல்கிறானாம். கேட்கும் விதத்தைப் பற்றி அவன் கடிதத்தில் எழுதவில்லை. எழுத்து கோணிக் கிடந்ததைக் கண்டு நானே விளங்கிக்கொண்டேன்.

5. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விதானையாரின் கடிதம், சமாதான நீதவானின் சத்தியக் கடதாசி எல்லாம் முகாமுக்கு அனுப்பினேன். கணனியில் திருத்தி வந்தால் விடுகிறோம் என்கிறார்கள். தலைமை அலுவலகமோ, ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் ஒரே ஊரும் உடைய இருவர் இருக்க முடியாது என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டது. இருக்கிறோம் ஐயா. இருந்துதான் இவ்வளவு பாடும் படுகிறோம்.

6. தங்கள் கிளையில் புறோகிறாம் எழுதும் திரு. கிறிஸ்தோப்பரை நேரில் கண்டு கேட்டேன். இப்படிப்பட்ட குடும்பங்களின் பதிவுகளைக் கொழும்புக்கு அனுப்பும்போது மட்டும் பெயருக்குப் பின்னால் “இளையவர்” என்று தானாகச் சேர்க்க ஒரு வழி போடலாமாம். கொழும்புக் கணனி அதை வேறு ஆளென்று எடுத்துக்கொள்ளுமாம். “ஐயா, சின்ன வேலைதான். பெரியவர் ஓம் எண்டால் இப்பவே போட்டுத் தாறன்” என்றார். நான் வற்புறுத்தியதால்தான் சொன்னார். தயவுசெய்து அவரைக் கோபிக்க வேண்டாம்.

7. தாங்கள் ஓம் சொல்லவில்லை. பிழை கொழும்பினுடையது, அதற்கு நாம் முண்டு கொடுத்தால் அவர்கள் ஒருநாளும் திருத்த மாட்டார்கள், இன்று பாட்டன் பேரன், நாளை இன்னொன்று, கடைசியில் நம்முடைய புறோகிறாம் பிறர் பிழைகளால் நிரம்பிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். இருபது வருடத்துக்கு மேல் குறிகட்டுவான் படகுத்துறையில் நின்றவன் நான். யாழ்ப்பாண பஸ் என்றைக்கும் பிந்தித்தான் வரும். எங்கள் லோஞ்சு நேரத்துக்கு வெளிக்கிட ஆயத்தமாக நிற்கும். ஆனாலும் காத்து நிற்போம். நாங்கள் காத்து நின்றதாலேயே பஸ்காரர் திருந்தவில்லை என்பதும் உண்மை, இன்றைக்கும் பிந்தித்தான் வருகிறார்கள். ஆனால் அந்த பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தார்கள், நோயாளிகள் வந்தார்கள். பஸ்காரருக்குப் பாடம் படிப்பிக்க அவர்களைத் துறையில் விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. இப்போது துறையில் நிற்பவன் என் மகன்.

8. அந்த வழி ஏலாது என்றால் இன்னொன்று கேட்கிறேன். என் தகப்பனாரின் மரணப் பதிவை நீக்கிவிடுங்கள். அவர் இறக்கவில்லை என்று கையெழுத்துப் போட ஆயத்தமாக இருக்கிறேன். கொள்ளி வைத்ததும் கீரிமலையில் சாம்பல் கரைத்ததும் இந்தக் கைதான். பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன். பேரனுக்காகக் கடதாசியில் இன்னும் சிலகாலம் இருக்க அவர் மறுத்திருக்க மாட்டார்.

9. கடைசியாக ஒன்று. மகன் பிடிபட்டபோது மருமகள் மீனலோசனி நிறைமாதம். ஆண் குழந்தை பிறந்தது. பெயரை மட்டும் வழக்கப்படி வைக்க வேண்டாம் என்று மன்றாடினேன். “அவர் மறியல் முகாமிலயிருந்து கேட்டது இது ஒண்டுதான் மாமா” என்று அழுதாள். என் பெயரையே பதிந்துவிட்டோம். தில்லைநாதன் வல்லிபுரம், நயினாதீவு. தலைமைக் கணனிக்கு இனி நானும் அந்தக் குழந்தையும் ஒரே ஆள்.

எனக்கு நெஞ்சு வருத்தம் முற்றிவிட்டது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். நான் இறந்து அதைப் பதிந்தால் என்ன நடக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். ஆகையால் என் மரணத்தை எங்கும் பதிய வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது வந்து கேட்டால், கிழவன் கடற்கரைப் பக்கம் போய்விட்டார் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். என்னால் போடக்கூடிய மாற்றுவழி இது ஒன்றுதான். மகனுக்கானதைத் தாங்கள்தான் போட வேண்டும். அவன் வெளியே வருவதை நான் காண்பேன் என்று நினைக்கவில்லை. வந்தால் போதும்.

தங்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்,

தி. வல்லிபுரம்
(பாட்டன். இதை எழுதும்போது உயிருடன்.)

இடம்: நயினாதீவு
திகதி: 14.09.1989