வரிசையில் முதல் ஊர்

தாராவி, பம்பாய்
16-6-1986

அன்பு மச்சானுக்கு,

உங்கள் சைனப் ஸலாம் சொல்லி எழுதுவது. படைத்தவன் காவலில் நாங்கள் சுகம். சவூதி வெயிலில் உங்கள் உடம்பையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

பெருநாள் முடிந்த கையோடு இன்னொரு பெருநாள். நம் மகள் ரோஷன் ஐ.ஐ.டி. பரீட்சையில் தேறிவிட்டாள். நாடு முழுக்க எழுதினவர்களில் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்களாம். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜூலை எட்டாம் தேதி இங்கே பவாயில் இருக்கிற ஐ.ஐ.டி.க்குப் போய், எந்த ஊர் ஐ.ஐ.டி. முதலில் வேண்டும், எது அடுத்தது என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். பவாயையே முதலில் எழுதச் சொல்லிவிட்டேன். சயானில் பஸ் ஏறினால் போய்விடலாம். ஞாயிறு தோறும் சோறு கொண்டுபோய்க் கொடுப்பேன். சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

சைனப்

தம்மாம்
27-6-1986

அன்பு சைனபுக்கு,

ரொம்ப சந்தோஷம். கேம்பில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன். மற்ற விவரம் காக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் சொல்படி செய். கோபப்படாதே.

அப்துல் வாஹித்

தாராவி
9-7-1986

மச்சானுக்கு ஸலாம்.

கோபப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். படுகிறேன்.

உங்கள் காக்கா கரீம் பாட்சா, அண்ணன் என்ற அதிகாரத்தில், என்னைத் தோல் பட்டறைக்கு வரச்சொல்லி, வேலையாட்கள் முன்னால் உங்கள் கடிதத்தை உரக்க வாசித்தார். மெட்ராஸ் நம்ம ஊராம். அங்கே உங்கள் தங்கச்சி ராபியா வீட்டில் தங்கிப் படிக்க வேண்டுமாம். பம்பாயில் ஹாஸ்டல் என்றால் நம் ஆட்கள் வாயை மூட முடியாதாம். மெட்ராஸ் இல்லையென்றால் படிப்பே வேண்டாமாம். தோல் அறுத்துக்கொண்டிருந்த ஹனீப் கேட்கிறான், "இம்புட்டு படிச்ச புள்ளைக்கு மாப்பிள்ள எங்கன தேடுவிய லாத்தா?" பட்டறையே சிரித்தது. பெற்றவள் நான். என் மகள் காரியம் எனக்கு ஊர் சிரித்துத்தான் தெரிய வேண்டுமா?

மெட்ராஸ் எப்படி நம்ம ஊர் ஆயிற்று? நம் ஊரான மேலப்பாளையத்திலிருந்து அங்கே போகவே ஒரு ராத்திரி ரயிலில் கிடக்க வேண்டும். இவள் பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில். கடைக்குப் போனால் வாயில் வருவது இந்தி. தமிழ் எழுத்து இவளுக்கு வராது, உங்கள் கடிதத்தைக்கூட நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அங்கே பஸ் போர்டு பார்த்து எப்படி ஏறுவாள்? இதையெல்லாம் யோசித்தீர்களா?

"நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று உங்கள் காக்காவிடம் சொன்னேன்.

"வாஹிது சொல்ல மீறியா?"

"எனக்கு அவரு ஒண்ணுஞ் சொல்லலயே. உங்களுக்குத்தான சொல்லிருக்காரு."

நேற்று பவாய் போனோம். ரோஷன் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் ஊருக்குப் போக தாதரில் ஏறும்போதெல்லாம் ரயில் பெட்டியில் பார்த்த எழுத்து எனக்கு மறக்குமா? முதல் வரியில் மெட்ராஸ்.

கையைப் பிடித்துவிட்டேன். "வாப்பாவுக்குப் பயந்தா எழுதுத?"

"இல்ல உம்மா. பவாய்னா ஞாயித்துக்கிழம நீ சோத்துத் தூக்கோட வந்துருவ. வெள்ளிக்கிழம பெரிய வாப்பா கேட்ல வந்து நிப்பாரு. ராபியா மாமி வீட்டுக்கும் நான் போமாட்டேன். ஹாஸ்டல்லதான் இருப்பேன். இங்க ஒத்த கோலி ரூமுக்குள்ள ஆறு பேரு உம்மா. நா ஒரு கதவச் சாத்துனா அது சாத்துனபடி இருக்கணும்."

"பஸ் போர்டு?"

"இவ்ளோ பெரிய பரீட்சையே எழுதிட்டேன். அ, ஆ வராதா?"

மச்சான், எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. உங்களிடம் சம்மதம் கேட்டு எழுதினேனே, பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? சோறு கொண்டுபோகும் பாத்திரம்வரை யோசித்து வைத்திருந்தேன்.

கையை விட்டேன். கார்டியன் கையெழுத்து போடும் இடத்தில் தமிழில் சைனப் என்று எழுதினேன்.

உங்கள் சொல் நடந்துவிட்டதென்று காக்காவுக்குச் சந்தோஷக் கடிதம் போட்டுவிடாதீர்கள். உங்கள் சொல்லுக்காக அவள் அதை எழுதவில்லை. இனி அவளிடம் சொல்ல ஏதாவது இருந்தால் அவளுக்கே எழுதுங்கள். காக்கா வழியாகவும் வேண்டாம், என் வழியாகவும் வேண்டாம். நான் வாசித்துக் காட்ட மாட்டேன்.

சைனப்

தம்மாம்
21-7-1986

ரோஷன் மகளுக்கு,

இது வாப்பா. பெரிய எழுத்தாக எழுதுகிறேன். கூட்டி வாசி. அவசரம் இல்லை.

உம்மா கோபமாக இருக்கிறாள். நியாயம்தான். பட்டறையில் வாசிப்பார் என்று நான் நினைக்கவில்லை. இனி இதில் தலையிட வேண்டாம் என்று காக்காவுக்கு எழுதிவிட்டேன்.

ராபியா வீட்டுக்குப் போ என்று மேலே ஒரு வரி எழுதினேன். அடித்திருக்கிறேன், பார்.

மெட்ராஸ் கிடைத்தால் ஹாஸ்டல் கதவுக்கு நல்ல பூட்டாக வாங்கு. இரண்டு சாவி தருவான். இரண்டும் உன்னிடமே இருக்கட்டும்.

வாப்பா