சந்தைப் பேரீச்சம்பழம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

லாசால் கிளினிக்கில் இன்று பக்கத்தில் இருந்த அரபுக் கிழவரின் ஊரில்தான் நான் இளவயதில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினேன். மறந்துபோன அரபு தானாக வந்தது.

அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு கிணற்றுக்காக இரண்டு ஷேக்குகள் சண்டைபிடித்தார்களாம். தீர்த்துவைக்க வந்த ஆங்கில அதிகாரி வீடு வீடாக, “நீங்கள் யாருடைய ஆட்கள்?” என்று கேட்டாராம். இவருடைய தகப்பன் ஒரு ஷேக்கின் பெயரைச் சொல்ல, சித்தப்பா மற்றவரின் பெயரைச் சொன்னார். அதை வைத்து அதிகாரி கீறிய எல்லைக்கோடு இரண்டு வீட்டுக்கும் நடுவே விழுந்தது.

“சாகும்வரைக்கும் ரெண்டு பேரும் கதைக்கேல்லை” என்றார் கிழவர்.

அந்த இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இறக்கியவன் நான்.

“உங்கட சித்தப்பா என்னட்டைப் பேரீச்சம்பழம் தந்துவிடுவார். சந்தையில வாங்கினதெண்டு சொல்லி அப்பாவிட்டைக் குடுக்கச் சொல்லுவார்.”

கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பா நம்பினவரோ?”

“கூடையை வாங்கேக்க, ‘சந்தைக்காரன் சுகமா இருக்கிறானோ?’ எண்டு ஒவ்வொரு முறையும் கேப்பார்.”

உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை. எனக்கு அந்த மணல் பாதையில் இன்னொரு தடவை பவுசர் ஓட்ட வேண்டும்போல் இருந்தது.