பாசிக்குப் பரிந்து பேசியவன்

திருமானூர்
12.8.2003

தம்பி வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

நீ போய் ஒன்பது நாளாகிறது. இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாசி கட்டாமலிருக்க உன் தம்பி இஞ்ஞாசி வருஷா வருஷம் மீன்குட்டையில் மயில்துத்தம் போடுவான். ஒரு மீனும் சாகாது. காரணம் அந்தப் பாசிதான். அது தண்ணீரில் விடுகிற வழவழப்பு, துத்தத்திலுள்ள தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மீனை அண்டவிடாது. இருபது வருஷம் கல்லூரியில் இதைத்தான் நடத்தினேன்.

இந்த வருஷம் பாசி முழுவதையும் வழித்தெடுத்துப் புதுத் தண்ணீர் விட்டான். மறுபடி முளைக்கக் கூடாதென்று துத்தத்தையும் போட எடுத்தான். வேண்டாம் என்றேன்.

"வழக்கமா போடுற அளவுதானே மாமா! பாசிக்கு நீங்க வக்கீலா?"

ஆட்கள் சிரித்தார்கள். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சிரித்தவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை. அவன் துத்தத்தைப் போட்டு முடித்ததும் குட்டையில் ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. நான் பாட்டிலோடு குனிந்ததைப் பார்த்த எவனோ, வாத்தியார்தான் எதையோ கலந்துவிட்டார் என்று கிளப்பினான். ஊர் பேசட்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நீயும் கேட்டாயே, "நீங்க எதுவும் போட்டுடலையே?" என்று.

தண்ணீரைத் திருச்சியில் சோதிக்கக் கொடுக்கலாம். தாமிரம் எவ்வளவு என்று சொல்வார்கள். யார் போட்டது என்று சொல்ல மாட்டார்கள்.

அன்று கோபத்தில் உனக்குப் பதில் சொல்லவில்லை. நான் போடவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக,
உன் புருஷன்