பட்டியலில் உங்கள் பெயர்

அக்கா,

இன்று காலை வேனின் பின்கதவைத் திறந்ததும் கனிந்த வாழைப்பழத்தின் வாசம் முகத்தில் அடித்தது. நேற்று கடையிலிருந்து ஏற்றிய பெட்டிகளில் ஒன்றை இறக்க மறந்திருக்கிறேன். தோல் கறுத்துவிட்டது, உள்ளே பழம் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் இருந்தால் தூக்கிப் போட விட்டிருக்க மாட்டீர்கள். "மாவுல பிசைஞ்சு பொரிச்சா பிள்ளைங்க அள்ளிக்கிட்டுப் போகும், எடுத்து வை லா" என்று அதட்டியிருப்பீர்கள். எடுத்து வைத்தேன். அதன் பிறகு உடனே வேனை எடுக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் முதன்முதலில் பேசிய நாளை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது. உலு திராமில் நான் வேலை செய்யும் பேரங்காடியில் காய்கறி, ரொட்டிப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. காலையில் கடை திறப்பதற்கு முன், அன்றோடு தேதி முடியும் ரொட்டியையும், அடிபட்ட பழங்களையும், வாடிய கீரையையும் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் கொட்டி அவற்றின் மேல் பிளீச் ஊற்ற வேண்டும். கடையின் விதி அது. ஆறு வருடம் ஊற்றினேன். கை தானாகச் செய்யும், மனது வேறெங்கோ இருக்கும். அன்று நீங்கள் உங்கள் பள்ளி வேனைப் பின்சந்தில் நிறுத்தியிருந்தீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி.

"ஏம்மா, அந்த ரொட்டி கெட்டுப் போச்சா?"

"இல்லக்கா. இன்னையோட தேதி முடியுது."

"அப்புறம் ஏன் பிளீச் ஊத்துற?"

"யாரும் எடுத்துச் சாப்பிட்டுடக் கூடாதுன்னு."

என் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்போதுதான் நானே கேட்டேன். நீங்கள் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "என் வேன்ல வர்ற பிள்ளைங்க ரெண்டு, வெறும் வயித்தோட ஸ்கூலுக்குப் போகுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினீர்கள்.

அடுத்த வாரமே எங்கள் மேலாளர் புவான் நோரைப் பார்க்க வந்துவிட்டீர்கள். அந்த அம்மாள் கெட்டவர் அல்ல, பயந்தவர். "சாப்பிட்டு யாருக்காவது வயிறு கெட்டுப்போனா எங்க கடை பேருதான் நாறும்" என்று மலாயில் சொன்னார். நீங்கள் வாதாடவில்லை. பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை மேசைமேல் வைத்தீர்கள். தேதி தாண்டியது எதுவும் வேண்டாம். மீனும் இறைச்சியும் வேண்டாம். காலை ஒன்பதுக்கு எடுத்ததை நண்பகலுக்குள் கொடுத்துவிட வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கான பெட்டிகள் தனி. எடுப்பதற்கு நீங்களே கையெழுத்துப் போடுவீர்கள்.

"மூணு மாசம் பாருங்க புவான். ஒரு புகார் வந்தாலும் நானே நிறுத்திடறேன்."

புவான் நோர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு "போலே" என்றார். ஆகட்டும் என்ற அந்த ஒரு சொல்லோடு என் கையிலிருந்து பிளீச் புட்டி போனது. கழிவறை கழுவ மட்டும்தான் இப்போது அது வருகிறது.

சனிக்கிழமைகளில் மலிவுவிலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மேசை போட்டுக் கொடுக்கத் தொடங்கினோம். முதல் வாரம் ஒன்பது குடும்பங்கள். வருட முடிவில் வரிசை படிக்கட்டைச் சுற்றிக்கொண்டு போனது. வாடிக்கையாளர்களும் கொடுக்கட்டும் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். முதலில் அதில் விழுந்ததெல்லாம் மலிவான உடனடி மீ நூடுல்ஸ்தான். நீங்கள் ஒரு அட்டையில் மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டீர்கள்: சமையல் எண்ணெய், முட்டை, குழந்தைப் பால்மாவு, பெண்களுக்கு நாப்கின். அடியில், "உங்க வீட்டுக்கு வாங்குற மாதிரி வாங்கிப் போடுங்க." ஒரு சீனப் பெரியவர் அதை நின்று படித்துவிட்டு, தன் கூடையில் இருந்த நல்ல எண்ணெயை எடுத்து வண்டியில் வைத்தார். தனக்கு வேறொன்று எடுக்க மறுபடி உள்ளே போனார். அன்று முழுதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அதன் பிறகுதான் என் வீட்டில் அடி விழுந்தது. சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்த என் கணவர் மழையில் சறுக்கி விழுந்தார். இடுப்பும் காலும் முறிந்தன. தொழிற்சாலை அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என் சம்பளம் வாடகைக்கும் மருத்துவமனைக்குமே போதவில்லை. வீட்டில் கஞ்சியும் ஊறுகாயும்தான். பதினைந்து வயது மகள், "எனக்குப் பசிக்கலம்மா" என்று தட்டை அப்பா பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போவாள்.

ஒரு சனிக்கிழமை, பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது தள்ளுவண்டியில் வந்திருந்த ஒரு மத்திமீன் டின்னை எடுத்து என் கைப்பையில் போட்டேன். ஐந்து நிமிடம் கூட வைத்திருக்க முடியவில்லை. திரும்ப எடுத்து மேசையில் வைத்தேன். எல்லோரும் போன பிறகு நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"மாலா, வீட்டுல என்ன சமைச்ச?"

"சாம்பாருக்கா."

"பொய் சொல்லாத. அந்த டின்ன எடுத்துத் திரும்ப வெச்சதப் பார்த்தேன். உன் பேர எழுதட்டுமா?"

எனக்குக் கோபம் வந்தது. "எடுத்துக் குடுக்கறவளே வரிசையில நின்னா பாக்கறவங்க என்னக்கா நினைப்பாங்க? வேணாம். யாருக்கும் தெரியாம ஒரு பை குடுங்க, கொண்டு போயிடறேன்."

"தெரியாமக் கொண்டு போனா அது உனக்குத் திருடின மாதிரியே இருக்கும். செமிக்காது."

வாரா வாரம் வாங்குகிறவர்களின் பட்டியல் இருந்த கோப்பை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தீர்கள். முதல் வரியில் உங்கள் பெயர் இருந்தது. என்னைச் சமாதானப்படுத்த அப்போதுதான் எழுதினீர்களோ என்று பார்த்தேன். மை பழையது. பெயருக்கு எதிரே, ஆரம்ப நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் உங்கள் கையெழுத்து.

நீங்கள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினீர்கள். முழங்கைக்கு மேலே நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. "கிட்னி போனதிலேர்ந்து வாரத்துல மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்ணப் போயிடறேன். ரெண்டு நாளு மட்டும் வர்ற வேனுக்கு யாரு லா பிள்ளைய அனுப்புவாங்க? ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. அன்னைக்குப் புவான்கிட்ட எனக்கும் சேர்த்துத்தான் பேசினேன்."

அதுவரை உங்களை நான் கொடுப்பவராக மட்டுமே பார்த்திருந்தேன். உங்கள் வேனில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் நீங்கள் எனக்கு முன்னால் நின்றீர்கள். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்று தலையைக் குனிந்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது கீரையை. "இன்னைக்கு நல்ல சவிக் கீரை வந்திருக்கு, ரெண்டு கட்டு கேளு" என்று திரும்பிச் சொன்னீர்கள். அன்று மதியம் என் வீட்டில் முட்டைக் குழம்பும் கீரையும். மகள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். கடையிலிருந்து கொடுத்தார்கள் என்று சொல்லி வைத்தேன்.

கணவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் காவலராக வேலைக்குப் போகும்வரை ஏழு மாதம் வரிசையில் நின்றேன். என் பெயரை அடிக்கச் சொன்ன அன்று நீங்கள் பாராட்டவுமில்லை, வாழ்த்தவுமில்லை. "சரி, இப்ப அந்த அரிசி மூட்டையத் தூக்கு" என்றீர்கள்.

கடைசி மாதங்களில் உங்கள் கால் வீங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வேன் ஓட்டச் சொல்லிக் கொடுத்தீர்கள். யோங் பெங் தோட்டத்தில் லோரி ஓட்டிய உங்கள் அப்பாவின் வசவுகள் அத்தனையும் எனக்குக் கிடைத்தன. பருவமழை விடாமல் பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, சிகிச்சை நாற்காலியிலேயே உங்கள் இதயம் நின்றுவிட்டது.

உங்கள் ஒரே மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தார். காரியம் முடிந்து நான்காம் நாள் வேனின் சாவியைக் கொடுக்க என்னைத் தேடி வந்தவர், இருக்கையில் இருந்த கோப்பைப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"அம்மா பேரு ஏன் இதுல இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். மாதிரிக்கு எழுதியது என்று சொன்னால் நம்பியிருப்பார். நம்பத்தான் விரும்பினார் என்று முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. ஆனால் அந்தக் கையெழுத்துகளை என்ன செய்வது?

"அம்மாவும் வாங்கினாங்க தம்பி. ஒவ்வொரு வாரமும்."

"போன் பண்றப்பல்லாம் ஒண்ணும் வேணாம்பாங்களே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் வேன்மேல் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சாவியை மட்டும் என் கையில் திணித்துவிட்டுப் போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். இப்போதும் முடிந்த சனிக்கிழமைகளில் வந்து மூட்டை இறக்குகிறார். அதிகம் பேசுவதில்லை. ஸ்கூடாயில் இன்னொரு கடை நம்மோடு சேர்ந்திருக்கிறது, அவர்தான் போய்ப் பேசினார். உங்களைப் போலவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாராம்.

அக்கா, ஒரு விஷயத்தில் உங்கள்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. எனக்குத் திறந்து காட்டிய பக்கத்தை உங்கள் மகனுக்குக் காட்டாமல் போய்விட்டீர்கள். அவருக்குப் பாரமாகிவிடுவோம் என்று பயந்தீர்களா? அந்தப் பயம் எனக்கும் தெரியும். அதனால்தான் போன வாரம், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா படுத்திருந்த அந்த ஏழு மாதமும் நாம் சாப்பிட்டது அந்த வரிசையில் நின்று வாங்கியது, கடை சும்மா கொடுத்தது இல்லை என்று.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. ஒரு நாளு டியூஷன் போறப்ப உங்களைப் பார்த்தேன். வரிசையில யாரோ ஒரு அக்காகூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தீங்க. ஆக்சிடெண்டுக்கு அப்புறம் நீங்க சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். அதான் ஒண்ணும் கேக்கல."

உங்கள்
மாலா