மிலானிலிருந்து வந்த பாடகி

போல்டர், கொலராடோ
12.10.1988

என் அன்புக் கனகத்துக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை என்று நீ திட்டப்போவது தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே வாசி.

நான் இங்கே என்னதான் ஆராய்கிறேன் என்று கேட்டிருந்தாய். நூறு வருடத்துக்கு முன் இந்த மலைகளில் வெள்ளி தோண்டிய ஊர்களில் நடந்த ஓபரா என்ற இசை நாடகம். சிரிக்காதே. போன மாதம் ஹாலோ கிரீக் என்ற ஊருக்குப் போனேன். இப்போது அங்கே நாற்பது பேர்கூட இல்லை. ஆனால் தெரு நடுவில் செங்கல்லால் கட்டிய ஓபரா மண்டபம் நிற்கிறது. கீழே ஆணியும் வாளியும் விற்ற கடை, மேலே மேடை. தியேட்டர் என்றால் தேவாலயத்துக்குப் போகிற சனம் முகம் சுளிக்குமாம். அதனால் இப்படியான பல ஊர்களில் எந்தக் கூத்து நடந்தாலும் மண்டபத்துக்குப் பெயர் ஓபரா ஹவுஸ்தான்.

ரயிலேறி வந்த கம்பெனிகள் இத்தாலியப் பாட்டுப் பாடும். இடைவேளையில் சுரங்கத்தில் வேலை செய்த இங்கிலாந்துக் கோர்ன்வால்காரரும் ஐரிஷ்காரரும் தங்கள் ஊர்ப் பாட்டுக் கேட்டுச் சப்பாத்தால் நிலத்தைத் தட்டுவார்கள். பிடில்காரன் ஒருவன் எழும்பி வாசிப்பான். பிறகு மறுபடியும் இத்தாலி. பகல் முழுக்க நிலத்துக்கடியில் கிடந்த மனிதர்கள் இரண்டையும் ஒரே ஆசையோடு கேட்டிருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

1881இல் அங்கே பாடிய அமேலியா பெர்லினிதான் என் மூன்றாம் அத்தியாயம். ‘மிலான் நகரத்தின் மகள்’ என்று ஊர்ப் பத்திரிகை கொண்டாடியது. நீ இருக்கும் லண்டனிலிருந்துதான் ஹார்கோர்ட் ஓபரா கம்பெனியோடு கப்பலேறியவள். அங்கே கொலிண்டேலில் பழைய பத்திரிகைகள் உள்ள நூலகம் இருக்கிறதாம். ஓய்வு நாளில் ஒருதரம் போய்ப் பார்ப்பாயா? நாடக நோட்டீஸின் பிரதியை இதனுடன் வைத்திருக்கிறேன்.

உன்
பாமா

வால்தம்ஸ்டோ, லண்டன்
22.1.1989

அன்புள்ள பாமா,

முதலில் என் கோபம். உறையில் கனகாம்பிகை என்று எழுதிவிட்டு, பிறகு அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிச் செல்வமலர் என்று திருத்தியிருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்தால் அடியிலுள்ளது தெரிகிறது. மச்சாள் செல்வமலரின் பாஸ்போர்ட்டில் வந்திறங்கியவள் நான். வேலை, டாக்டர், இந்த வீட்டு அறை எல்லாம் அவள் பெயரில். ஒரு பிழை போதும், என்னைத் திருப்பி அனுப்ப. இதை வாசித்ததும் கிழித்துவிடு.

இனி உன் பாடகி. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எனக்குச் செவ்வாய்தான் ஓய்வு. ஆறு செவ்வாய் கொலிண்டேலுக்குப் போனேன். ஒவ்வொரு தொகுதியும் என் உயரத்தில் பாதி. பெர்லினி எங்கேயும் இல்லை. ஆனால் 1880இல் எங்கள் பகுதிப் பத்திரிகையில் எமிலி பியர்ஸ் என்றொருத்தி. சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவள். ஹார்கோர்ட் கம்பெனியோடு அமெரிக்கா போகிறாளென்று தேவாலயத்தில் பிரிவுபசாரக் கச்சேரி வைத்திருக்கிறார்கள். கம்பெனி கப்பலேறிய செய்தியில் மூன்று பெண்களின் பெயர் உண்டு. இருவர் உன் நோட்டீஸில் அப்படியே இருக்கிறார்கள். மூன்றாவது இங்கே பியர்ஸ், உன்னிடத்தில் பெர்லினி.

உன் மிலான் நகரத்து மகள் என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி வாழ்ந்தவள், பாமா.

இஸ்திரிப் பெட்டி பிடித்த கையோடு அப்படிப் பாடியிருக்கிறாளே என்று நான் நூலக மேசையில் இருந்து வியந்தேன். பெர்லினி என்று கையெழுத்துப் போடப் பழக அவள் எத்தனை தாள் கிழித்தாளோ. செல்வமலர் என்று பழக நான் இருபது கிழித்தேன். அதனால் ஒரு வேண்டுகோள். அவளுடைய உண்மைப் பெயரை அச்சில் போடாதே. அவள் பாடுபட்டு மறைத்ததை நாங்கள் ஏன் திறக்க வேண்டும்?

இப்படிக்கு,
செல்வமலர்

போல்டர்
19.2.1989

என் அன்புக் கனகம்,

எனக்கு எழுதும்போதுமா செல்வமலர்? மனம் நொந்துபோனேன்.

நீ கண்டுபிடித்ததைக் கேட்டு என் பேராசிரியர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதுகிறேன். கோபிக்காதே, இதைக் கேட்ட பிறகு முடிவு சொல். உன் கடிதம் வந்ததும் ஒரு கோர்ன்வால் சுரங்கத் தொழிலாளியின் நாட்குறிப்பைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். முன்பு விளங்காத பகுதி இப்போது விளங்கியது. இடைவேளையில் தங்கள் ஊர்த் துதிப்பாட்டு ஒன்றைப் பாடும்படி அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவள் பாடினாள். கைதட்டல் நிற்காததால் தன்னை மறந்து, உங்கள் பகுதிக் கிழக்கு லண்டன் பேச்சிலேயே நன்றி சொல்லிவிட்டாள். அவன் எழுதியிருப்பது இது: ‘அவள் எந்த ஊர் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஒருவரும் வெளியே சொல்லவில்லை. அவ்வளவு நன்றாகப் பாடினாள்.’

மறுநாள் பத்திரிகையும் மிலானின் மகள் என்றே எழுதியது. அவளை இனி யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள்? அந்த ஊர் செய்த நல்ல காரியத்தையாவது நான் சொல்ல வேண்டாமா? முன்னுரையில் உனக்கும் நன்றி சொல்ல வேண்டும். எந்தப் பெயரில்?

இன்னொன்று. உறையில் நான் பிழையாக எழுதியது உண்மைதான், மன்னித்துவிடு. ஆனால் நான் தாள் ஒன்றும் ஒட்டவில்லையே.

உன்
பாமா

வால்தம்ஸ்டோ
9.3.1989

அன்புள்ள பாமா,

நீ ஒட்டவில்லை என்றால் யார்? இந்த வீட்டில் நாலு பேர் குடியிருக்கிறோம். வீட்டுக்காரரும் வந்து போகிறார். யாருக்கோ தெரிந்திருக்கிறது. கதவு தட்டினால் விளக்கை அணைத்துவிட்டு இருக்கிறேன். என்னோடு சலவையில் வேலை செய்யும் எமில்டா அக்கா, அடுத்த அறைக்காரி, “என்ன மலர், சாப்பிடாமல் மெலிஞ்சு போறாய்” என்று சோறு கொண்டுவந்து வைக்கிறார். அவரிடமும் ஒன்றும் சொல்ல ஏலாமல் இருக்கிறேன்.

எமிலியின் பெயரைப் போடு. அந்த மண்டபத்துக்காக நான் சம்மதிக்கிறேன். என் பெயர் மட்டும் எதுவும் வேண்டாம். செல்வமலர் என்றால் பொய், கனகாம்பிகை என்றால் ஆபத்து. இனிக் கொஞ்சக் காலம் எழுதாதே.

செல்வமலர்

வால்தம்ஸ்டோ
3.6.1990

என் அன்புப் பாமா,

ஒரு வருடத்துக்கு மேலாக உன்னை எழுதவிடாமல் வைத்ததற்கு முதலில் மன்னிப்பு.

உன் ஆய்வு நூல் சனிக்கிழமை வந்தது. குசினியில் நின்றபடியே உறையைப் பிரித்தேன். முதல் பக்கத்தில், ‘வால்தம்ஸ்டோவில் சலவை வேலை செய்யும் என் தோழிக்கு. அவள் பெயர் மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.’ எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எமில்டா அக்கா ஏனென்று கேட்டார். என் கதையை விட்டுவிட்டு எமிலியின் கதையைச் சொன்னேன். நாட்குறிப்பில் இருந்ததையும் தமிழில் சொன்னேன்.

“நல்ல சனம்,” என்றார். கையைத் துடைத்தார். பிறகு, “உன்ர கடிதத்தில தாள் ஒட்டினது நான்தான், பிள்ளை. கனகாம்பிகை எண்டு வாசல்ல கிடந்தது. அமெரிக்காவில இருந்து உனக்கு மட்டும்தானே கடிதம் வாறது. வீட்டுக்காரன் தபால் எல்லாத்தையும் பிரட்டிப் பாக்கிறவன். உனக்குச் சொன்னால் பயந்து வேற வீட்டுக்குப் போயிடுவாய் எண்டுதான் சொல்லேல்லை,” என்றார்.

நான் யாருக்குப் பயந்து ஒளிந்தேனோ அவருடைய சோற்றைத்தான் இத்தனை நாளும் சாப்பிட்டிருக்கிறேன், பாமா. உன் சுரங்கத் தொழிலாளர்களை நீ எவ்வளவு மெச்சினாயோ அவ்வளவு அந்த மனிசியை நான் மெச்சுகிறேன்.

“அக்கா, ஒருக்கா என்ர பேரைச் சொல்லுங்கோ,” என்று கேட்டேன். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, “கனகாம்பிகை,” என்றார். “வடிவான பேர். இரு, தேத்தண்ணி ஆறுது.”

என்றும் உன்
கனகம்

பி.கு. உறையில் இன்னமும் செல்வமலர் என்றே எழுது. மறந்துபோனாலும் பரவாயில்லை, எமில்டா அக்காவிடம் பசை இருக்கிறது.